ரத்தக்குழாயைச் சுருக்கியது எந்த ரசாயனம் என்று ஆர்கன் பாத்தில் கண்டுபிடிப்பது எப்படி

எலியின் வால் தமனியில் ஒரு துண்டை வெட்டி, ஆர்கன் பாத்தில் (உடல் சூட்டில் கரைசல் நிரப்பி, திசுத் துண்டைத் தொங்கவிடும் சின்னக் கண்ணாடிக் கலத்தில்) மாட்டி, இரு பக்கமும் பிளாட்டினக் கம்பி வைத்து மின்துடிப்பு கொடுத்தால் திரையில் கோடு எழும்பும், நிறுத்தினால் இறங்கும். முதல் தடவை பார்க்கிறபோது உடம்பு சிலிர்க்கும். உடலை விட்டுப் பிரிந்து இரண்டு மணி நேரம் ஆன அந்தத் துண்டில் நரம்பு முனைகள் இன்னும் உயிரோடு இருந்து, தங்களிடம் சேர்த்து வைத்திருக்கிற ரசாயனத்தை வெளியே விட்டு, பக்கத்துத் தசையை இறுக்குகின்றன. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே நோட்டில் "நோர்அட்ரினலின்" என்று எழுதிவிடுகிறவர்கள் ரொம்பப் பேர். நானும் முதல் வருடம் அப்படித்தான் எழுதினேன், அப்புறம் அத்தனை சோதனைகளையும் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. எந்த ரசாயனம் சுருக்கியது என்று கோடு தானாகச் சொல்லாது. ஒவ்வொரு கதவாகப் பூட்டி, எந்தப் பூட்டுக்குக் கோடு படுக்கிறது என்று பார்த்த பிறகுதான் பெயர் எழுத வேண்டும், அதுவும் சரியான வரிசையில் பூட்டியிருந்தால் மட்டுமே. மருந்தியலிலோ உடலியங்கியலிலோ இந்தச் சோதனையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன்.

நரம்பு எங்கே இருக்கிறது

இது தெரியாமல் கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீர்கள். தமனிச் சுவரில் உள்ளே ஒற்றை அடுக்காக எண்டோதீலியம், நடுவில் மென்தசை, வெளியே நார்த்திசு. பரிவு நரம்புகள் (தானாகவே இயங்கி ரத்தக்குழாயை இறுக்குகிற நரம்புகள்) பெரும்பாலான தமனிகளில் தசைக்குள் நுழைவதே இல்லை, வெளி அடுக்கும் தசையும் சேருகிற எல்லையிலேயே வலை போலப் படர்ந்து நின்றுவிடுகின்றன. கையை மடக்குகிற தசையில் நரம்பு ஒவ்வொரு தசைநாருக்கும் தனியாகப் போய் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி ஏற்பாடு இங்கே கிடையாது. தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய் போட்டுப் பார்த்திருப்பீர்கள், வரப்பு நெடுக ஒரே குழாய் போகும், வழியில் அங்கங்கே துளை இருக்கும். பரிவு நரம்பின் கடைசிப் பகுதியும் அப்படித்தான், மணி கோத்த மாதிரி நெடுகப் புடைப்புகள், ஒவ்வொரு புடைப்பிலும் ரசாயனப் பைகள். ஒரு துடிப்பு ஓடி வருகிறபோது எல்லாப் புடைப்பும் சொட்டுவதில்லை, நூற்றில் ஒன்றிரண்டுதான் சொட்டும். துடிப்பு அடிக்கடி வந்தால் சொட்டு கூடும். வெளி ஓரத்துத் தசைச் செல்கள்தான் அதை நேராக வாங்கிக்கொள்கின்றன, உள்ளே இருக்கிற செல்களுக்குச் செய்தி செல்லுக்குச் செல் இருக்கிற இணைப்புகள் வழியாகப் போகிறது.

இவ்வளவு சின்ன வேலைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், குழாயின் ஆரத்துக்கும் ரத்த ஓட்டத் தடைக்கும் உள்ள உறவு நான்காம் அடுக்கு உறவு. ஆரம் 10 சதவீதம் குறைந்தால் தடை 50 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது, பாதியானால் 16 மடங்கு. நாம் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது, ஆனாலும் பெரும்பாலும் மயங்கி விழாமல் நிற்கிறோமே, அதற்குக் காரணம் இந்த நரம்புகள் சில நொடிகளில் குழாய்களை இறுக்கிவிடுவதுதான்.

1851இல் பாரிஸில் கிளோட் பெர்னார் முயலின் கழுத்தில் பரிவு நரம்பை வெட்டியபோது அந்தப் பக்கத்துக் காது சூடாகிச் சிவந்தது. அடுத்த ஆண்டு பிரவுன்-செக்கார் வெட்டுப்பட்ட முனைக்கு மின்சாரம் கொடுத்தார், காது வெளுத்தது. நரம்பு குழாயை இறுக்குகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. எந்த ரசாயனத்தால் என்பதற்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஸ்வீடனில் ஃபோன் ஆய்லர் அது நோர்அட்ரினலின் என்று காட்டினார். அதுவும் பாதிப் பதில்தான்.

எந்தக் குழாயை எடுப்பது

புதியவர்கள் எல்லோரும் எலியின் மகாதமனியைத்தான் எடுப்பார்கள், பெரியது, வெட்ட எளிது. நோர்அட்ரினலினைச் சொட்டாக விட்டால் பிரமாதமாகச் சுருங்கும். மின்துடிப்பு கொடுத்தால் கோடு அசையவே அசையாது. கருவி பழுது என்று இரண்டு வாரம் அலைவார்கள். கருவியில் ஒன்றும் இல்லை, எலியின் மகாதமனியில் நரம்பு மிக மிகக் குறைவு, ரசாயனம் வந்து உட்காருகிற ஏற்பி இருக்கிறது, அனுப்புகிற ஆள்தான் இல்லை. நரம்பைப் பற்றிய கேள்விக்கு நரம்பு அடர்ந்த குழாய் வேண்டும். வால் தமனி, குடல் தாங்கித் தமனியின் கிளைகள், முயலின் காதுத் தமனி இவையெல்லாம் நல்லவை. நான் வால் தமனியைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலி உடல் சூட்டில் கணிசமான பங்கை வால் வழியாக வெளியேற்றுகிறது, அதனால் அந்தத் தமனியில் நரம்பு நெருக்கமாக இருக்கிறது. தவிர, பக்கத்து லேபில் வேறு வேலைக்காக எலியை எடுக்கும் நாளில் வாலை யாரும் பயன்படுத்துவதில்லை. நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு அந்த வாலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு உயிர் போன பிறகு அதிலிருந்து முடிந்த அளவு தெரிந்துகொள்வதுதான் நியாயம், இதற்காகத் தனியாக இன்னொன்றைக் கொல்ல வேண்டாம்.

வாலைத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கம் நடுவில் ஒரு பள்ளம் தெரியும், தோலை நீளவாக்கில் கீறி, மேலே மூடியிருக்கிற வெள்ளைச் சவ்வைப் பிளந்தால் தமனி அந்தப் பள்ளத்திலேயே படுத்திருக்கும். அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் அதிகம். குளிர்ந்த கிரெப்ஸ் கரைசலை (உடல் திரவத்தைப் போன்ற உப்புக் கரைசல், செய்முறை கீழே) விட்டுக்கொண்டே எடுங்கள், இழுக்காதீர்கள், இழுத்தால் தசை கிழிந்துவிடும்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். சுத்தமாக எடுக்க வேண்டும் என்கிற ஆர்வத்தில் கொழுப்பு, நார் எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரி ஆகும்வரை சுரண்டுவார்கள். நரம்பு எங்கே இருக்கிறது என்று மேலே சொன்னேன், வெளி அடுக்கின் எல்லையில். அங்கே சுரண்டினால் நரம்பும் போய்விடும். தொங்குகிற கொழுப்பை மட்டும் எடுங்கள், சுவரோடு ஒட்டிய மங்கலான உறை அப்படியே இருக்கட்டும். உள்பக்கமும் அதே கதைதான், கம்பியை உள்ளே நுழைக்கும்போது சுவரில் தேய்த்தால் எண்டோதீலியம் உதிர்ந்துவிடும். ஆக வெளியே தேய்த்தால் ஒரு செய்திக்காரர் போய்விடுவார், உள்ளே தேய்த்தால் இன்னொருவர்.

கரைசல்

ஒரு லிட்டர் கிரெப்ஸுக்கு சோடியம் குளோரைடு 6.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, சோடியம் பைகார்பனேட் 2.1, குளுக்கோஸ் 2, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16, ஏழு நீர் கொண்ட மக்னீசியம் சல்பேட் 0.29, இரு நீர் கொண்ட கால்சியம் குளோரைடு 0.37. கால்சியத்தைக் கடைசியில்தான் போட வேண்டும், அதுவும் 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவைப் பத்து நிமிடமாவது குமிழியாக விட்ட பிறகு, தனியாகத் தண்ணீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் கரைசல் மோர்த் தண்ணீர் மாதிரி வெளுத்துப்போகும், கால்சியம் பாஸ்பேட்டாகவும் கார்பனேட்டாகவும் படிந்துவிட்டது என்று அர்த்தம். அதை வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது, கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள், ஏனென்றால் நரம்பு ரசாயனத்தை விடுவதற்கும் கால்சியம் வேண்டும், தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும். இரண்டு படியும் குன்றிப்போன துண்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சூடு 37 டிகிரி, அமிலநிலை (pH) 7.4.

நோர்அட்ரினலின் கரைசலை அன்றன்றைக்குச் செய்து, துளி அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து ஐஸில் வையுங்கள். இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது கெட்டுவிட்டது.

மாட்டி எழுப்புவது

இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளையமாக வெட்டி இரு கம்பிகளில் மாட்டுங்கள், ஒன்று நிலையாக, மற்றது விசை அளக்கும் டிரான்ஸ்டியூசரில். ஆரம்ப இழுவை எவ்வளவு என்று யாரோ எழுதிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் துண்டில், உங்கள் கருவியில், கொஞ்சம் கொஞ்சமாக இழுவையைக் கூட்டி ஒவ்வொரு கட்டத்திலும் பொட்டாசியம் கொடுத்துப் பாருங்கள், சுருக்கம் இனிமேல் கூடவில்லை என்கிற இடம்தான் உங்கள் எண். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒரு முறை கரைசலை மாற்றுங்கள்.

துண்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 60 முதல் 80 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு கொடுப்பது வழக்கம். இது தசையின் சவ்வு மின்னழுத்தத்தை நேராகக் குறைத்து, கால்சியம் கால்வாய்களைத் திறந்துவிடும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள், அதே பொட்டாசியம் நரம்பு முனையையும் தூண்டும், அங்கிருந்தும் நோர்அட்ரினலின் கொட்டும். ஆகவே வால் தமனி போல நரம்பு அடர்ந்த குழாயில் "பொட்டாசியம் சுருக்கம், அதாவது தசையின் சுருக்கம் மட்டும்" என்று எழுதினால் தவறு. தசையின் பங்கு மட்டும் வேண்டுமென்றால் நோர்அட்ரினலின் உட்காருகிற ஆல்ஃபா ஏற்பியை முதலில் ஃபென்டோலமைனால் பூட்டிவிட்டுப் பொட்டாசியம் கொடுங்கள்.

மின்துடிப்பு, அப்புறம் முதல் பூட்டு

துடிப்பின் அகலம் 0.2 மில்லிசெகண்ட் அளவில் இருக்கட்டும். நரம்புக்கு இது போதும், தசைக்குப் போதாது, அதனால்தான் இந்த எண். அகலத்தை ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் கொண்டுபோனால் தசையே நேராகச் சுருங்க ஆரம்பிக்கும், நீங்கள் நரம்பைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைப்பீர்கள். 1, 2, 4, 8, 16 ஹெர்ட்ஸ் என்று ஏற்றி, ஒவ்வொன்றையும் பத்து நொடி கொடுத்து, நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். அதே வரிசையை இரண்டு தடவை ஓட்டி, இரண்டாவது முதலாவதைப் போலவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருந்து எதுவும் போட வேண்டாம், துண்டு இன்னும் நிலைக்கு வரவில்லை.

நிலைக்கு வந்தபின் முதல் பூட்டு டெட்ரோடாக்ஸின், 1 மைக்ரோமோலார். பேத்தை மீனில் இருக்கிற அதே நஞ்சு, நரம்பின் சோடியம் கால்வாயை அடைத்துத் துடிப்பு ஓடாமல் செய்யும். இதைக் கொடுத்ததும் கோடு முழுவதும் படுத்துவிட வேண்டும். படுக்காமல் மிச்சம் நின்றால் அந்த மிச்சம் நரம்பிலிருந்து வந்ததில்லை, மின்சாரம் நேராகத் தசையைத் தொட்டது, அகலத்தையும் வோல்டேஜையும் குறைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். டெட்ரோடாக்ஸினைப் பொடியாக நிறுத்து எடுக்கவே கூடாது, குப்பிக்குள்ளேயே கரைசலை ஊசியால் செலுத்திக் கரையுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தனியாக லேபில் இருக்கும் நாளில் எடுக்காதீர்கள்.

டெட்ரோடாக்ஸின் "நரம்பு" என்று மட்டும் சொல்லும். எந்த நரம்பு? அடுத்து, வேறொரு புதிய வளையத்தில் குவானெத்திடின், 5 முதல் 10 மைக்ரோமோலார். இது பரிவு நரம்புக்குள் புகுந்து உட்கார்ந்து, ரசாயனம் வெளியே வராமல் தடுக்கும். உள்ளே புக நேரம் ஆகும், அரை மணி நேரமாவது பொறுங்கள். கோடு படுத்தால் பரிவு நரம்புதான்.

பெயர் கேட்கும் இடம்

இங்கேதான் நிதானம் வேண்டும். பிராசோசின் 0.1 மைக்ரோமோலார் கொடுங்கள், இது ஆல்ஃபா-1 ஏற்பியைப் பூட்டும். கோடு பெருமளவு குறையும், ஆனால் பல குழாய்களில் முழுவதும் போகாது, தொடக்கத்தில் ஒரு சின்னக் குத்து மிச்சம் நிற்கும். "பிராசோசின் அளவு போதவில்லை" என்று இரட்டிப்பாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அந்தச் சின்னக் குத்துதான் நோர்அட்ரினலின் கதை பாதிப் பதில் என்று நான் சொன்னதற்குக் காரணம்.

நரம்பு முனையில் நோர்அட்ரினலின் தனியாக இல்லை, அதே பைகளில் ஏடிபியும் இருக்கிறது. செல்லுக்குச் சக்தி கொடுக்கிற அதே ஏடிபிதான். ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் 1972இல் நரம்புகள் ஏடிபியைச் செய்தியாகப் பயன்படுத்துகின்றன என்று எழுதியபோது நம்பியவர்கள் குறைவு, உடலெங்கும் நிறைந்த ஒரு பொருள் எப்படிக் குறிப்பிட்ட செய்தியாக இருக்கும் என்று பல வருடம் மறுத்தார்கள். 1976இல் ஒரே நரம்பு ஒன்றுக்கு மேற்பட்ட ரசாயனத்தை விடலாம் என்றும் எழுதினார். இன்று ஏற்பிகளே கையில் இருக்கின்றன. ஏடிபி தசையில் பி2எக்ஸ்1 என்கிற ஏற்பியில் உட்காரும், அந்த ஏற்பியே ஒரு கால்வாய், உட்கார்ந்ததுமே திறந்து நேர்மின் அயனிகளை உள்ளே விடும், சவ்வின் மின்னழுத்தம் குறையும், கால்சியம் கால்வாய் திறக்கும். அதனால்தான் வேகம், அதனால்தான் சீக்கிரம் அடங்கியும் விடுகிறது. நோர்அட்ரினலின் போகிற வழி சுற்றுவழி, ஆல்ஃபா-1 ஏற்பி, அதன் கீழே ஜி-புரதம், அப்புறம் ஐபி3 என்கிற சிறு மூலக்கூறு, அது செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியத்தை அவிழ்த்துவிடும், கூடவே வெளியிலிருந்தும் கால்சியம் வரும். எந்த வழியில் வந்தாலும் கால்சியம் கால்மோடுலின் என்கிற புரதத்தோடு சேர்ந்து மயோசினுக்குப் பாஸ்பேட் ஏற்றுகிற நொதியை எழுப்பும், தசை இறுகும். நோர்அட்ரினலின் வழியில் இன்னொரு வேலையும் நடக்கிறது, பாஸ்பேட்டைக் கழற்றுகிற நொதியை ரோ-கைனேஸ் என்கிற இன்னொரு நொதி வழியாக அடக்கி வைக்கும், அதனால் கால்சியம் கொஞ்சம் இறங்கின பிறகும் இறுக்கம் நிற்கும். திரையில் பாருங்கள், ஒன்றிரண்டு துடிப்பு மட்டும் கொடுத்தால் ஏடிபியின் பங்கு பெரிதாகத் தெரியும், ஒரு நிமிடம் தொடர்ந்து கொடுத்தால் மெதுவாக எழும்பி நிற்கிற அந்த மேடு நோர்அட்ரினலினுடையது. அதிக ஹெர்ட்ஸில் நீண்ட நேரம் கொடுத்தால் மூன்றாவதாக நியூரோபெப்டைட் ஒய் வரும், அது தானாகச் சுருக்குவதைவிட மற்ற இரண்டின் வேலையையும் கூட்டிக் கொடுக்கும்.

ஆகவே பிராசோசினுக்குப் பிறகு மிஞ்சிய குத்தை உடனே ஏடிபி என்று எழுதலாமா? வால் தமனியில் கூடாது. அங்கே தசையின் மேல் ஆல்ஃபா-2 ஏற்பியும் இருக்கிறது, நோர்அட்ரினலின் அது வழியாகவும் சுருக்கும். எனவே யோஹிம்பினோ ராவுல்சினோ சேர்த்து அதையும் பூட்ட வேண்டும். சேர்த்ததும் கோடு குறையும் என்று எதிர்பார்ப்பீர்கள், சில சமயம் ஏறும்! பயப்படாதீர்கள், துண்டு சரியாகத்தான் இருக்கிறது. ஆல்ஃபா-2 ஏற்பி நரம்பு முனையிலும் இருக்கிறது, அங்கே அது பிரேக். வெளியே வந்த நோர்அட்ரினலினே திரும்பி வந்து அந்தப் பிரேக்கை அழுத்தி "போதும்" என்று சொல்லும். பிரேக்கைப் பூட்டிவிட்டால் நரம்பு தாராளமாகக் கொட்டும், கூடவே ஏடிபியும் அதிகமாக வரும். ஒரே மருந்து இரண்டு இடத்தில் இரண்டு எதிரெதிர் வேலை செய்கிறது, திரையில் தெரிவது அவற்றின் கூட்டல் கழித்தல். ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 இரண்டையும் பூட்டிய பிறகும் நிற்கிற குத்தின் மேல் ஆல்ஃபா-பீட்டா மெத்திலீன் ஏடிபி கொடுங்கள். அது முதலில் தானே ஒரு சுருக்கம் கொடுக்கும், பிறகு பி2எக்ஸ்1 ஏற்பி மரத்துப்போகும், அடுத்த மின்துடிப்புக்குக் குத்து வராது. வராவிட்டால் இப்போது ஏடிபி என்று எழுதலாம், கை நடுங்காமல் எழுதலாம்.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். வெளியே வந்த நோர்அட்ரினலினை நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், டெசிப்ரமின் அந்த வாயை அடைக்கும், அப்போது சுருக்கம் பெரிதாகி நீளும். நல்ல சோதனை. ஆனால் டெசிப்ரமினை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் குவானெத்திடின் கொடுத்தால் குவானெத்திடின் வேலை செய்யாது, ஏனென்றால் குவானெத்திடினும் அதே வாய் வழியாகத்தான் நரம்புக்குள் போக வேண்டும். இதைத் தெரியாமல் "இந்தக் குழாயில் சுருக்கம் பரிவு நரம்பினால் இல்லை" என்று முடிவு எழுதிய ஆய்வேட்டைப் பார்த்திருக்கிறேன். அந்த மாணவர் இரண்டு வருடம் உழைத்திருந்தார்.

பிராசோசினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், அது லேபில் மட்டும் உள்ள பூட்டு இல்லை. செந்தேள் கொட்டினால் அதன் நஞ்சு நரம்பின் சோடியம் கால்வாயை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், டெட்ரோடாக்ஸின் செய்வதற்கு நேர் எதிர். நரம்பு முனைகள் நோர்அட்ரினலினைக் கொட்டித் தீர்க்கும், கை கால் சில்லிடும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும், குழந்தைகள்தான் அதிகம் பலியானார்கள். இந்தத் தேளின் அறிவியல் பெயரிலேயே "தமுலஸ்" என்று தமிழ் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் மகாட் என்கிற சிற்றூரில் மருத்துவம் பார்த்துவந்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற இதே பிராசோசினை 1980களில் தேள்கடிக்குக் கொடுக்க ஆரம்பித்தார், 1986இல் லான்செட் இதழில் எழுதினார். கொட்டுகிற ரசாயனத்தை நிறுத்த முடியாவிட்டாலும் அது உட்காருகிற ஏற்பியைப் பூட்டிவிடலாம் என்கிற எண்ணம்தான் அது, நீங்கள் 10 மில்லி பாத்தில் செய்வதும் அதையேதான். பிராசோசினின் முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது கொடுப்பதும் இதனால்தான், பகலில் கொடுத்தால் நோயாளி எழுந்து நிற்கும்போது குழாய் இறுக மறுத்து மயக்கம் வந்துவிடலாம்.

உள்பக்கத்துச் செய்தி

நரம்பு இறுக்கும்போது உள்ளே இருக்கிற எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடு விட்டுத் தளர்த்திக்கொண்டே இருக்கும். திரையில் தெரிவது இரண்டுக்கும் நடுவே நடக்கும் இழுபறி. 100 மைக்ரோமோலார் எல்-நேம் கொடுத்து நைட்ரிக் ஆக்சைடை நிறுத்தினால் அதே மின்துடிப்புக்குக் கோடு உயரும். ஆகவே ஒரு வளையத்தில் எண்டோதீலியம் இருந்து இன்னொன்றில் உதிர்ந்திருந்தால் இரண்டையும் ஒப்பிடவே கூடாது. ஃபினைலெஃப்ரின் கொடுத்துச் சுருக்கி, மேலே அசிட்டைல்கோலின் விட்டு, தளர்கிறதா என்று எல்லா வளையத்திலும் பாருங்கள்.

இந்தச் சின்னச் சோதனைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. ராபர்ட் ஃபர்ச்காட் பல வருடங்களாக அசிட்டைல்கோலின் முயல் மகாதமனியைச் சுருக்குகிறது என்றுதான் பார்த்துவந்தார். 1978இல் அவருடைய லேபில் ஒருவர் வரிசையை மாற்றிவிட்டார், நோர்அட்ரினலினைக் கழுவாமலே அதே வகை மருந்தான கார்பகாலைப் போட்டார், குழாய் தளர்ந்தது. தவறு என்று ஒதுக்காமல் ஃபர்ச்காட் தோண்டிப் பார்த்தார். முன்பெல்லாம் துண்டை வெட்டும்போது உள்பக்கம் தேய்ந்து எண்டோதீலியம் போயிருந்தது, அதனால் தளர்ச்சி தெரியவில்லை. 1980இல் சவாட்ஸ்கியோடு அதை வெளியிட்டார், 1998இல் நோபல் பரிசு. எதிர்பாராத கோடு வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள், தேதி போட்டு, என்ன வரிசையில் என்ன போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்.

தளர்த்துகிற நரம்புகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தனியாக எழுத வேண்டிய விஷயம். குடல் தாங்கித் தமனியில் குவானெத்திடின் கொடுத்துப் பரிவு நரம்பை அடக்கிவிட்டு, மெத்தாக்சமினால் குழாயைச் சுருக்கி வைத்து, மின்துடிப்பு கொடுத்தால் கோடு இறங்கும். அது உணர்ச்சி நரம்பிலிருந்து வருகிற சிஜிஆர்பி என்கிற பெப்டைட், 1988இல் கவசாகி குழு எலியில் காட்டியது. சரிபார்க்க மிளகாய்க் காரமான கேப்சைசின் போதும், அது அந்த நரம்புகளில் உள்ளதையெல்லாம் கொட்டவைத்துக் காலி செய்துவிடும், அடுத்த துடிப்புக்குத் தளர்ச்சி வராது. மூளைத் தமனிகளிலும் ஆணுறுப்பின் குழாய்களிலும் நைட்ரிக் ஆக்சைடையே நேராக விடுகிற நரம்புகள் உண்டு, சில்டெனாஃபில் (வயாகரா) வேலை செய்வது அந்த நரம்பின் செய்தியை நீட்டித்துத்தான்.

கடைசியாக, தினமும் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு நாளும் ஒரு வளையத்துக்கு எந்த மருந்தும் கொடுக்காமல், மருந்து கரைத்த திரவத்தை மட்டும் கொடுத்து, மற்ற வளையங்களுக்குக் கொடுக்கிற அதே மின்துடிப்பை அதே நேரத்தில் கொடுங்கள். நாலு மணி நேரத்தில் துண்டு தானாகவே எவ்வளவு தளர்ந்துபோகிறது என்று அதுதான் காட்டும். இந்த வளையம் இல்லாத நாளில் வந்த எண்களை நான் அட்டவணையில் சேர்ப்பதில்லை.

கால்சியம் கால்வாயை அடைக்கிற நிஃபெடிபினைப் பயன்படுத்தினால், அது வெளிச்சத்தில் சிதையும், புட்டியையும் பாத்தையும் அலுமினியத் தாளால் சுற்றுங்கள். அதுவும் பிராசோசினும் கண்ணாடியிலும் டியூபிலும் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் விட்டுக் கழுவினால் போகாது, மறுநாள் யாருடைய துண்டோ காரணம் தெரியாமல் சுருங்காமல் கிடக்கும். சாயங்காலம் 70 சதவீத எத்தனாலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஐந்தாறு முறை அலசி, டியூபுக்குள்ளும் ஓட்டிவிட்டு, அன்றைக்கு எந்த பாத்தில் என்ன மருந்து போனது என்று மூடியில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.